மூலக் கோப்பும் முகத்தின் நிறமும்

(நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சென்ற திங்கள் இதே மேடையில் சிலம்பின் நயம் கேட்டு மகிழ்ந்த உங்கள் முன்னே, புகைப்படக் கருவியைப் பற்றியும் கணிப்பொறியைப் பற்றியும் பேச நிற்கின்றேன். இலக்கியச் சுவை நாடி வந்தோர்க்கு இது சற்று ஏமாற்றமாக இருத்தல் கூடும். ஆயினும், நம் குடியிருப்பில் படம் எடுக்கும் கருவி இல்லாத வீடு இன்று ஒன்றேனும் உண்டா? ஊரை விட்டு வந்து தில்லியில் வாழும் நமக்கு, ஊரில் உள்ளோர் நம்மைக் காண்பதும், நாம் அவர்களைக் காண்பதும் பெரும்பாலும் படங்களின் வாயிலாகவே. ஆதலின் அப்படங்கள் எவ்வாறு உருவாகின்றன, அவற்றுள் எது நம் கையில் உள்ளது, எது நம் கையை விட்டு நழுவுகின்றது என்பதை ஒரு மணி நேரம் எண்ணிப் பார்த்தல் வீண் அன்று எனக் கருதுகின்றேன்.

என் பொருள், கருவி முதன்முதல் பதிவு செய்யும் கோப்பைப் பற்றியது. ஆங்கிலத்தில் அதனை 'ரா' கோப்பு என்பர். பச்சைக் காய்கறி என்கிறோமே, அந்தப் பொருளில் 'பச்சைக் கோப்பு' என்று மொழிபெயர்க்கலாம். ஆனால் கேட்போர் அது நிறத்தைக் குறித்ததோ என்று மயங்குவர். அம்மயக்கத்தில் பாதி உண்மை இருப்பதைச் சற்று நேரத்தில் காண்பீர்கள். இப்போதைக்கு 'மூலக் கோப்பு' என்றே வழங்குவேன்.

இங்கே அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கு 'நெகட்டிவ்' நினைவிருக்கும். ஸ்டூடியோவில் குடும்பத்தோடு படம் எடுத்துக்கொண்டால் அச்சிட்ட படம் நம்மிடம் வரும். நெகட்டிவ் மெல்லிய தாள் உறை ஒன்றில், எண் எழுதப்பெற்று, ஸ்டூடியோக்காரரிடமே தங்கும். பாட்டனார் மறைந்த பின்னர்ச் சுவரில் மாட்டப் பெரிய படம் வேண்டுமென்றால், அந்த எண்ணைத் தேடிக்கொண்டு போவோம். அந்நாளில் உதகமண்டலத்திலேயே படச்சுருள் செய்தார்கள். 1960இல் நிறுவப்பெற்று 1967இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' என்னும் சுருளை நம்மில் பலர் கையாண்டிருப்போம். அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. சுருளும் போயிற்று. நெகட்டிவ் மட்டும் வேறு உருவில் நம்மிடம் இருக்கின்றது. அதுவே மூலக் கோப்பு.

அது எவ்வாறு பிறக்கின்றது? கருவியின் உள்ளே, சிலிக்கானால் ஆன சிறு தகடு ஒன்று உள்ளது. அதன்மேல் கோடிக்கணக்கான நுண்ணிய ஒளிக்கிண்ணங்கள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. வில்லை வழியே வரும் ஒளி ஒவ்வொரு கிண்ணத்திலும் எவ்வளவு விழுந்தது என்று கருவி அளந்து ஓர் எண்ணாக எழுதுகின்றது. வியப்பு என்னவென்றால், அத்தகட்டுக்கு நிறம் தெரியாது. ஒளியின் அளவு மட்டுமே தெரியும். நிறமறியாத தகட்டுக்கு நிறம் கற்பிக்கும் வழியைக் கண்டவர், அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் என்பார். 1976இல் அவருக்கு அதற்கான காப்புரிமை கிடைத்தது. புள்ளிக் கோலத்தில் ஒவ்வொரு புள்ளிமேலும் ஒரு வண்ணப்பொடி தூவியது போல, ஒவ்வொரு கிண்ணத்தின் மேலும் சிவப்போ பச்சையோ நீலமோ ஆகிய ஒரு வடிகட்டியை அவர் வைத்தார். நான்கில் ஒரு பங்கு சிவப்பு, ஒரு பங்கு நீலம், எஞ்சிய இரு பங்கும் பச்சை. நம் கண் நுணுக்கங்களைப் பச்சை ஒளியிலேயே மிகுதியாக உணர்கின்றது என்பதே அதற்குக் காரணம். பச்சைக் கோப்பு என்பதில் பாதி உண்மை உண்டு என்றேனே, இதுதான் அது.

எனவே மூலக் கோப்பு என்பது இன்னும் படமாகவில்லை. அது ஒரு கணக்கேடு. 24 மெகாபிக்சல் கருவியானால் 240 இலட்சம் எண்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரே ஒரு நிறத்தின் அளவு மட்டும் இருக்கும். ஏனைய இரண்டு நிறங்களையும் அண்டை வீட்டாரைக் கேட்டு அறிவது போல, சுற்றியுள்ள புள்ளிகளைக் கொண்டு மென்பொருள் கணக்கிட்டு நிரப்புகின்றது. 14 பிட் கோப்பில் ஒரு புள்ளியின் ஒளியை 16,384 படிகளுள் ஒன்றாகக் குறிக்கலாம். நாம் எல்லோரும் அனுப்பியும் பெற்றும் வருகின்ற ஜேபெக் படத்திலோ ஒரு நிறத்துக்கு 256 படிகளே உள்ளன. ஜேபெக் செய்யும்போது கருவி தானே வெளிச்சத்தையும் நிறத்தையும் முடிவு செய்து, வேண்டியதை வைத்துக்கொண்டு எஞ்சியதை எறிந்துவிடுகின்றது. பொங்கிய சோற்றை மீண்டும் அரிசியாக்க எவராலும் இயலாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "நான் படத்தைத் திருத்துவதே இல்லை, கருவி தந்தது தந்தபடி வைத்திருக்கிறேன்" என்று சிலர் பெருமையாகக் கூறக் கேட்டிருக்கிறேன். அவர்கள் வைத்திருப்பதும் திருத்திய படமே. திருத்தியவர் மட்டும் வேறு. நம் வீட்டையும் நம் விழாவையும் ஒருநாளும் கண்டிராத ஒரு பொறியாளர், எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து, வானம் இப்படி இருந்தால் நன்று, தோல் இப்படி இருந்தால் நன்று என்று முன்கூட்டியே எழுதிவைத்த விதிகளின்படி அப்படம் ஆகிவந்தது. மூலக் கோப்பை வைத்துக்கொள்வதென்றால், அந்த முடிவுகளை நாமே செய்யும் உரிமையை வைத்துக்கொள்வது என்று பொருள்.

அந்த உரிமையை எவ்வாறு கையாள்வது என்பதற்கு நாம் எல்லோரும் அறிந்த காட்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். தைத்திங்கள் முதல் நாள். குடியிருப்பின் பூங்காவில் கல் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கின்றோம். தில்லியின் மூடுபனி மரங்களையும் மறைத்து நிற்கின்றது. பானையருகே ஓர் அம்மையார் குனிந்து விறகைத் தள்ளுகின்றார். கருவி தரும் ஜேபெக்கைப் பாருங்கள்: பனி சாம்பல் பூத்துக் கிடக்கும், அம்மையாரின் முகம் கரிய நிழலாக இருக்கும், எல்லாவற்றின் மேலும் ஒரு நீலச் சாயல் படர்ந்திருக்கும். கருவிமேல் குற்றமில்லை. தன் முன் உள்ள காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் அளவே இருக்கும் என்பது அதன் கணக்கு. வெண்மையான பனி பரந்து நிற்கவே, ஒளி மிகுந்துவிட்டது என்று எண்ணி அனைத்தையும் இருட்டாக்கிவிட்டது.

மூலக் கோப்பை மென்பொருளில் திறந்தால், முதலில் வெண்மையைச் சரிசெய்தல் வேண்டும். ஆங்கிலத்தில் 'ஒயிட் பாலன்ஸ்' என்பர். ஒளிக்கும் நிறம் உண்டு. அதனைக் கெல்வின் என்னும் அளவால் குறிப்பர். பழைய குண்டு விளக்கின் மஞ்சள் ஒளி 2,800 அளவு. நண்பகல் வெயில் 5,500 அளவு. மூடுபனி ஒளியும் நிழலொளியும் அதற்கும் மேலே சென்று நீலம் பாரிக்கும். படத்தில் உண்மையில் வெண்மையாய் இருந்த பொருள் ஒன்றைச் சுட்டிக்காட்டினால், அதனை வெண்மையாக்கும் வகையில் மென்பொருள் சிவப்பையும் நீலத்தையும் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். எதைச் சுட்டுவது? பட்டு வேட்டியைச் சுட்டாதீர்கள். அது வெண்மை போலத் தோன்றினும் இளமஞ்சள். வெளுத்த பருத்தி வேட்டியோ, கோலமாவோ தக்கது. நீலம் அதிகம் போட்டுத் துவைத்த வேட்டியையும் நம்ப வேண்டாம்.

அடுப்புத் தீயின் ஒளி இங்கே ஒரு சிக்கலை உண்டாக்கும். அம்மையாரின் முகத்தில் ஒரு பக்கம் பனியின் நீல ஒளி, மறுபக்கம் தீயின் செவ்வொளி. இரண்டையும் ஒருசேர வெண்மையாக்கும் எண் எதுவும் இல்லை. முகத்தின் இரு பாதிகளையும் தனித்தனியே பிரித்துச் சமன் செய்யும் வசதி இக்கால மென்பொருள்களில் உண்டு. நான் அதைச் செய்வதில்லை. பனியைச் சமன் செய்து, தீயைச் சிவப்பாகவே விட்டுவிடுவேன். தீயருகே குனிந்தவர் முகம் சிவந்துதானே இருந்தது!

அடுத்தது வெளிச்சம். மூலக் கோப்பில் முகத்தின் நிழலை உயர்த்தினால், ஜேபெக்கில் கரியாய்க் கிடந்த இடத்திலிருந்து கண்ணும் மூக்குத்தியும் வெளிப்படும். ஆனால் இதற்கோர் எல்லை உண்டு. ஒளிக்கிண்ணம் ஒன்று நிரம்பிவிட்டால் அதன்மேல் விழுந்த ஒளிக்குக் கணக்கே இல்லை. நிறைந்த குடத்தின்மேல் ஊற்றிய நீர் எவ்வளவு என்று எவர் கூற வல்லார்? தீயின் நடுப்பகுதி அவ்வாறு நிரம்பி வெளுத்திருந்தால், எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. அதற்கு அஞ்சி மிகவும் இருட்டாக எடுப்பதும் தவறு. தகடு ஒளியை நேர்விகிதத்தில் எண்ணுகின்றது. ஆதலால் 16,384 படிகளில் சரிபாதியாகிய 8,192 படிகள் மிகு வெளிச்சப் பகுதிக்கே சென்றுவிடும். அதிற் பாதி ஒளியுள்ள பகுதிக்கு 4,096. அதற்கும் கீழே 2,048 என்று குறைந்துகொண்டே போய், இருள் பகுதிக்குக் கைப்பிடியளவே மிஞ்சும். அங்கிருந்து உயர்த்தினால் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும். கிண்ணம் வழியாத அளவில் எவ்வளவு கூடுதலாக ஒளி சேர்க்கலாமோ அவ்வளவு சேர்த்து எடுப்பதே முறை. கூர்மையாக்கல், புள்ளி நீக்கல் போன்றவற்றை இங்கே விரிக்கவில்லை. சிறிது பழகினால் தாமே பிடிபடும்.

இத்தனை மாற்றம் செய்தாலும் மூலக் கோப்பு தொடப்படுவதில்லை என்பதை இல்லத்தரசியர் எளிதில் புரிந்துகொள்வர். நீங்கள் செய்தவை அனைத்தும் சமையற் குறிப்புப் போலத் தனியே எழுதி வைக்கப்படுகின்றன. நாளை வேறு சுவை வேண்டுமாயின் குறிப்பைக் கிழித்துவிட்டு அதே அரிசியிலிருந்து மீண்டும் தொடங்கலாம். அமெரிக்காவின் மலைகளையும் பாறைகளையும் படம்பிடித்துப் புகழ்பெற்ற ஆன்சல் ஆடம்ஸ், இளமையில் பியானோ பயின்றவர். நெகட்டிவ் என்பது இசையமைத்தவர் எழுதிவைத்த சுரக்குறிப்புக்கும், அச்சிட்ட படம் அதனை வாசித்துக் காட்டுவதற்கும் நிகர் என்பது அவர் கருத்து. நமக்கு இது புதிதன்று. ஒரே கீர்த்தனையை இருவர் பாட இருவகையாகக் கேட்கின்றோம். இருவரையும் பொய்யர் என்பதில்லை. சாகித்தியத்தை மாற்றிப் பாடினால்தான் சபையில் முணுமுணுப்பு எழும்.

அப்படியானால் எதுவரை திருத்தம், எங்கே பொய் தொடங்குகின்றது? செய்தித்துறையினரே இதில் ஒருமித்துப் பேசவில்லை. 2015இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் தன் வெளிப் புகைப்படக்காரர்களிடம், மூலக் கோப்பிலிருந்து செய்த படம் வேண்டா, கருவியே தந்த ஜேபெக்கை அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டது. அதே 2015இல், ஆம்ஸ்டர்டாமில் இயங்கும் உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியின் நடுவர்கள் இறுதிக்கு முந்தைய சுற்றில் இருந்த படங்களில் 20 விழுக்காட்டை விலக்கினார்கள். எதைக் கொண்டு? மூலக் கோப்பை வரவழைத்து, அனுப்பிய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து. ஒருவர் ஐயத்தோடு ஒதுக்கியதையே மற்றவர் சாட்சியாக அழைத்தார். எனக்கு இரண்டாமவர் கட்சியே பொருத்தமாகப் படுகின்றது. மூலம் கையில் இருக்கும்வரை பொய்யைக் கண்டுபிடிக்கலாம்.

நிற்க. இதுவரை சொன்னதெல்லாம் முன்னுரை என்றே கொள்ளுங்கள். நான் உங்களிடம் பேச விரும்பியது நம் முகங்களைப் பற்றி.

நம் குடியிருப்பில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமணம் நடந்தது. ஆல்பம் வந்ததும் எல்லோரும் கூடிப் பார்த்தோம். மணப்பெண்ணின் பாட்டி, நெல்லைப் பக்கத்தவர், இரண்டு மூன்று ஏடுகளைப் புரட்டிவிட்டு, "பெண்ணு எங்கேடி? இது யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். பாட்டி சிரிக்கவில்லை. மாநிறமான அந்தப் பெண்ணைச் சுண்ணாம்பு பூசினாற்போல வெளுக்கச் செய்திருந்தார்கள். நெற்றியில் இட்ட திருநீறு தெரியவில்லை. வெளுத்த நெற்றியில் அது எவ்வாறு தெரியும்? முகம் ஒரு நிறம், மருதாணி இட்ட கை வேறு நிறம்.

இது எவ்வாறு செய்யப்படுகின்றது என்று சொல்கிறேன். மனிதத் தோல், வெளிறியதாயினும் கரியதாயினும், நிற வட்டத்தில் ஆரஞ்சுப் பகுதியிலேயே பெரும்பாலும் அமைகின்றது. மென்பொருளில் ஆரஞ்சின் ஒளிர்வை மட்டும் உயர்த்தும் ஒரு பட்டை உண்டு. அதை ஒரு விரலால் தள்ளினால் தோல் வெளுத்துவிடும். ஆனால் தங்கமும் அந்தப் பக்கத்து நிறந்தானே? மஞ்சள் கயிறும் அப்படியே. ஆகவே அந்த ஆல்பத்தில் பெண்ணோடு அவள் நகைகளும் சோகை பிடித்துக் கிடந்தன. பெண்ணின் தந்தை ஸ்டூடியோவுக்குச் சென்று, நிறத்தைப் பழையபடி ஆக்கித் தரக் கேட்டார். மூலக் கோப்புகளை அழித்துவிட்டோம், இடம் போதவில்லை என்று விடை வந்தது. அந்தப் பாட்டி இன்று இல்லை. பேத்தியோடு அவர் இருக்கும் படங்களிலும் இருவர் நிறமும் மாறியே உள்ளது. அவற்றை இனி எவராலும் மீட்க முடியாது.

இந்த நோய் கணிப்பொறியோடு வந்ததன்று. வண்ணச்சுருள் காலத்தில், அச்சுக்கூடங்களில் நிறம் சரிபார்க்க ஒரு மாதிரிப் படம் வைத்திருப்பர். கோடாக் நிறுவனம் அனுப்பிய அம்மாதிரியில் வெள்ளைத்தோல் பெண் ஒருத்தியே இருந்தாள். முதலில் அதில் நின்றவளின் பெயரால் அது 'ஷெர்லி அட்டை' எனப்பட்டது. அவள் முகம் நன்றாக வந்தால் சுருள் நன்று என்பது முடிவு. கனடா நாட்டுப் பேராசிரியர் லோர்னா ராத் இதனை ஆராய்ந்து 2009இல் எழுதினார். பழுப்பு நிறங்கள் சரியாக விழவில்லை என்று மரச்சாமான் விற்போரும் சாக்லேட் விற்போரும் குறைகூறியதும், சுருளின் வேதியியலை மாற்றத் தூண்டிய காரணங்களுள் ஒன்றாம். சாக்லேட்டுக்குக் கிடைத்த நீதியால் நம் முகங்களும் சிறிது பயன்பெற்றன போலும்! 2021இல்தான் கூகுள் நிறுவனம், கரிய தோலையும் உள்ளபடி காட்டுவதற்கென்று தன் கைப்பேசியின் கணக்கை மாற்றியமைத்ததாக அறிவித்தது.

ஆனால் இங்கே வெளுக்கச் சொல்வது தொலைநாட்டுப் பொறியாளர் மட்டுமா? பெண் பார்க்கும் படலத்துக்குப் படம் அனுப்பும்போது, "கொஞ்சம் பளிச்சென்று செய்து கொடுங்கள்" என்று கேட்பவர் நாமே அன்றோ? மாந்தளிரின் நிறத்தை 'மாமை' என்று பெயரிட்டு, அதைப் பெண்ணின் அழகாகப் போற்றியவர்கள் சங்கப் புலவர்கள். தலைவன் பிரிந்த துயரால் அம்மாமை குன்றி மேனி வெளிறுவதைப் 'பசலை' என்றார்கள். அதைக் கண்டு தோழி கலங்குவாள், தாய் கலங்குவாள். நாமோ கூலி கொடுத்துப் பசலை பூசி, அதைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டுகின்றோம்.

கரிய தோலை அழகுறக் காட்டுவது அரிதன்று, பொறுமை வேண்டும். படம் எடுக்கும்போதே முகத்துக்குப் போதிய ஒளி தருக. பின்னணி வெளுத்திருந்தால் கருவியின் கணக்கை நம்பாது சற்று மிகுத்து எடுக்க. மென்பொருளில் நிழலை அளவுமீறி உயர்த்தாதீர்கள். தோல் சாம்பல் பூக்கும். கன்னத்திலும் நெற்றியிலும் விழும் பளபளப்பை அழிக்காதீர்கள். கரிய முகத்தின் வடிவை அந்தச் சிறு ஒளிக்கீற்றுகளே வரைகின்றன. நீலம் மிகுந்தால் முகம் உயிரிழக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, முகத்தைத் திருத்தும்போது கையைப் பாருங்கள். இரண்டும் ஒருவர் உடம்பைச் சேர்ந்தவை என்று தோன்ற வேண்டும்.

இனிச் செலவையும் இடத்தையும் பற்றி ஒரு சொல். லைட்ரூம், போட்டோஷாப் ஆகியவை கட்டணம் பெறுவன. டார்க்டேபிள், ராதெரபி என்னும் இரண்டும் விலையின்றிக் கிடைக்கின்றன. நம் வீட்டுத் தேவைக்கு அவை தாராளமாகப் போதும். கருவி நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தத்தம் முறையில் மூலக் கோப்பை எழுதுவதால், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் எவர் படிப்பார் என்ற கவலை எழுவது இயல்பே. 2004இல் அடோபி நிறுவனம் டிஎன்ஜி என்னும் பொதுவடிவத்தை வெளியிட்டது. அதற்கும் முன்பே 1997இல் டேவ் காபின் என்னும் தனி மனிதர், எல்லாக் கருவிகளின் மூலக் கோப்புகளையும் படிக்கவல்ல நிரல் ஒன்றை எழுதத் தொடங்கி, மூலநிரலோடு ஊருக்கெல்லாம் வழங்கினார். பிற்காலத்து மென்பொருள்கள் பல அவர் உழைப்பின்மேல் எழுந்தவையே. ஒரு கோப்பு 20 முதல் 50 மெகாபைட் வரை இடம் கொள்ளும். இரண்டு வட்டுகளில் படியெடுத்து, ஒன்றை உறவினர் வீட்டில் வையுங்கள்.

திருமணத்துக்குப் புகைப்படக்காரரை அமர்த்தும்போது, ஆல்பம் எத்தனை ஏடு, டிரோன் உண்டா என்று கேட்கின்றோம். மூலக் கோப்புகளை எங்களிடம் தருவீர்களா என்பதையும் கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். சிலர் மறுப்பர், தங்கள் கைவேலை முற்றுப்பெறாத நிலையில் வெளியே போவதை அவர்கள் விரும்புவதில்லை. அதுவும் நியாயமே. குறைந்தது இத்தனை ஆண்டு அழிக்காமல் வைத்திருப்பீர்களா என்றாவது கேளுங்கள். தோலை வெளுக்க வேண்டா என்பதை வாயாலும் சொல்லுங்கள், எழுத்தாலும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வெளுப்பதுதான் வழக்கம்.

வரும் ஆண்டு விழாவில் படம் எடுக்க இருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். கருவியில் 'ரா' என்னும் அமைப்பை விழாவுக்கு முதல்நாளே இட்டுப் பாருங்கள்; கைப்பேசிகள் பலவற்றிலும் அது உண்டு. விழா முடிந்ததும் அட்டைகளை அழிக்காமல் நம் நூலகப் பொறுப்பாளரிடம் ஒருநாள் கொடுத்து வையுங்கள். சங்கத்துக்கென ஒரு வட்டு வாங்கச் செயற்குழு இசைந்துள்ளது. அடுத்த திங்கள் முதல் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு நூலக அறையில் நான் இருப்பேன். கணிப்பொறியோடு வருவோர் உங்கள் வீட்டு மூலக் கோப்பு ஒன்றும், பாட்டியோ அத்தையோ ஒருவரும் உடன்வரக் கொண்டு வாருங்கள். திரையில் உள்ள முகம் சரிதானா என்று கேட்க அவர் அருகில் இருத்தல் நலம்.